வெற்றியே இல்லாத ஒரு கோடை: ஹம்பேர்க்கிலிருந்து லைப்சிக்குக்கு

சென்ற மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: ஹம்பேர்க்கிலிருந்து லைப்சிக்குக்கு விரைவு ரயில் எடுக்காமல், உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போகலாமா, கூட ஆட்கள் இருந்தால் அது சரிவருமா என்று. போகலாம். நான் முதன்முதலில் லைப்சிக் போனதே அப்படித்தான். 1998ஆம் ஆண்டு யூன் மாதக் கடைசி. கூட வந்தவர்கள் முப்பதுக்குக் கிட்டிய பல்கலைக்கழக மாணவர்கள், பாதிப்பேர் நூறு கிலோவுக்கு மேல். அந்தக் கோடையில் உலகக் கிண்ணக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. ஜேர்மனி முழுவதும் உருண்டைப் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் முட்டை வடிவப் பந்து ஒன்றின் பின்னால் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம்.

பயணத்தைச் சொல்வதற்கு முன் என் கணவர் குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பதினான்கு வயதில் தனியாக ஹம்பேர்க் வந்தவர். நான் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து, கடைசியில் கொழும்பில் தங்கியிருந்தபோது எங்கள் பதிவுத் திருமணம் நடந்தது. அதன் பிறகு ஒன்பது நாட்கள் சேர்ந்து இருந்தோம். பிறகு அவர் திரும்பிவிட்டார், நான் விசாவுக்குக் காத்திருந்தேன். 1998 ஏப்ரலில் நான் ஹம்பேர்க் விமான நிலையத்தில் இறங்கியபோது, அவரை முகத்தை வைத்து அல்ல, உயரத்தையும் அகலத்தையும் வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவர் அப்போது பொறியியல் கடைசி ஆண்டு. இருவருமே கூச்சக்காரர். சாப்பிட்டீரா, குளிருதா என்பதற்கு மேல் பேச்சு போகாது. முதல் வெள்ளிக்கிழமை, தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்.

“நாளைக்கு எனக்கு ஒரு விளையாட்டு இருக்கு. நீர் வீட்டில தனிய இருப்பீரோ, இல்லாட்டி என்னோட வாறீரோ?”

“எவ்விடம்?”

“கீல். கிட்டத்தான். நூறு கிலோமீற்றர்.”

தனியாக இருக்கப் பயம் என்று சொல்லவில்லை. “வாறன்” என்று மட்டும் சொன்னேன்.

அமெரிக்கன் ஃபுட்போல் என்ற ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீலில் மழை. தலைக்கவசமும் தோளில் பெரிய பட்டைகளும் போட்டுக்கொண்டு இருபத்திரண்டு பேர் சேற்றில் முட்டிக்கொண்டார்கள். ஐந்து விநாடி ஓட்டம், பிறகு அரை நிமிடம் ஆலோசனை, மறுபடி ஐந்து விநாடி. நான் குகனின் முதுகில் இருந்த அறுபத்தாறு என்ற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முழுவதும் அவர் கைக்குப் பந்து வரவேயில்லை. திரும்பி வரும்போது கேட்டேன்.

“உங்களுக்கு ஏன் ஒருத்தரும் பந்து தரேல்லை?”

அவர் சிரித்தார். என் முன்னால் அவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. “நான் பந்தைத் தொடக் கூடாது. பந்து எறியிறவனை மற்ற ஆக்கள் விழுத்தாமல் மறிச்சுக்கொண்டு நிக்கிறதுதான் என்ர வேலை.”

“அப்ப ஆருக்கும் உங்களைத் தெரிய வராதே.”

“பிழை விட்டால் எல்லாருக்கும் தெரிய வரும்.”

பந்து எறிபவன் யென்ஸ், அணித்தலைவன். பொன்னிறத் தலைமுடி, ஒல்லியான ஆள். குகனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பள்ளியில் ஒருவரோடும் சேராமல் இருந்த குகனைப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனது அவன்தான். “இந்த நாட்டில முதல்முதல் என்னை வா எண்டு கூப்பிட்டவன் அவன்” என்று குகன் அன்று ரயிலில் சொன்னார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீலில் படுதோல்வி. அடுத்து ஹம்பேர்க்கிலேயே பிறேமன் அணியோடு ஆடினோம், அதிலும் தோல்வி. மூன்றாவது கோட்டிங்கன். அந்தப் பயணத்துக்கு நான் பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தமிழ் ஆட்களின் கடையில் தகரத்தில் அடைத்த ரின்மீனும் மிளகாய்த்தூளும் வாங்கி, ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். உறைப்பு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விளையாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு அவ்வளவும் முடிந்துவிட்டது. முதல் பாதி முழுவதும் எங்கள் ஆட்கள் தண்ணீர்ப் போத்தலோடு நின்றார்கள். அன்றும் தோற்றோம். பயிற்சியாளர் என்னிடம் வந்து, மிகவும் மரியாதையாக, இனிமேல் விளையாட்டு முடிந்த பிறகு கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். வதனி என்ற பெயர் அவர்கள் வாயில் ‘வாடனி’ ஆயிற்று.

இப்படி மூன்று தோல்விகளோடு லைப்சிக் பயணம் வந்தது. நான்காவது ஆட்டம். இதற்குப் பிறகு ஹம்பேர்க்கில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். யென்ஸும் குகனும் படிப்பை முடிக்கிறார்கள், அதனால் இதுதான் அவர்களின் கடைசிக் கோடை. லைப்சிக் அணியும் அந்த ஆண்டு தடுமாறிக்கொண்டிருந்தது. ஜெயிக்கலாம் என்றால் அங்கேதான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அணியிடம் பேருந்துக்குப் பணமில்லை. அந்தக் காலத்தில் ரயிலில் ஒரு வார இறுதிச் சீட்டு இருந்தது. ஐந்து பேருக்குச் சேர்த்து முப்பத்தைந்து மார்க், உள்ளூர் ரயில்களில் எங்கும் போகலாம். எங்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்தார்கள். எங்கள் ஐவரில் குகன், நான், யென்ஸ், இன்னும் இரண்டு பேர். சனி காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். உல்ட்சனில் மாறி ஹனோபர், அங்கிருந்து பிரவுன்ஷ்வைக், பிறகு மக்டெபுர்க், அங்கே கடைசி மாற்றம். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர், எட்டு மணி நேரம். ஒவ்வொரு நிலையத்திலும் முப்பது பேர் தோள்பட்டைப் பைகளோடு படிக்கட்டில் இறங்கி ஏற வேண்டும். பிரவுன்ஷ்வைக்கில் மாறுவதற்குச் சில நிமிடங்கள்தான் இருந்தன. இரண்டு பேர் ரயில் கதவில் காலை வைத்து மறித்துக்கொண்டு நிற்க, மற்றவர்கள் ஓடி வந்தோம். நடத்துநர் திட்டினார். நீங்கள் அதைச் செய்ய வேண்டாம்.

மக்டெபுர்க்கைத் தாண்டியதும் நிலம் தட்டையாகிறது. கோதுமை வயல்கள், நடுவில் பாழடைந்த தொழிற்சாலைகள், திடீரென்று புத்தம் புதிதாகப் பூசிய வீடுகள். பேர்லின் சுவர் விழுந்து ஒன்பது வருடம் ஆகப்போகிறது என்று குகன் விளக்கினார். லைப்சிக் ரயில் நிலையத்தில் இறங்கியபோது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அவ்வளவு பெரிய கூரையை அதற்கு முன் நான் கண்டதில்லை.

மைதானம் டிராமில் இருபது நிமிடம். நல்ல வெயில். விருந்தினர் அணி நின்ற பக்கத்தில் நிழலும் இல்லை, இருக்க இடமும் இல்லை. “நீர் எதிர்ப்பக்கம் போய் இரும். அங்க மரம் இருக்கு, வாங்கும் இருக்கு” என்றார் குகன். எதிர்ப்பக்கம் லைப்சிக் ஆதரவாளர்களின் பக்கம். அங்கே ஒரு மேசையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி கேக் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு துண்டு செரிப்பழக் கேக் ஒன்றரை மார்க். அவர் என் கையிலிருந்த சில்லறையில் தானே பொறுக்கி எடுத்துக்கொண்டு, பக்கத்தில் கிடந்த நீள மர வாங்கில் உட்கார இடம் காட்டினார்.

அன்று எங்கள் ஆட்கள் வேறு மாதிரி ஆடினார்கள். யென்ஸுக்குப் பந்தெறிய நேரம் கிடைத்தது. ஆட்டத்தின் கடைசிக் கால்பங்கு நேரத்தில் எங்களுக்குப் பதின்மூன்று புள்ளிகள், லைப்சிக்குக்கு ஆறு. அந்த ஆறையும் அவர்கள் பந்தைக் காலால் உதைத்தே எடுத்திருந்தார்கள். பந்தோடு எல்லைக்குள் ஓடி நுழைந்தால்தான் ஒரேயடியாக ஆறு புள்ளி. அதை டச்டவுன் என்பார்கள். அப்படி அவர்கள் நுழைந்தால் என்ன செய்வார்கள் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது அவர்கள் நுழைந்தார்கள். நான் இருந்த வாங்குக்குப் பின்னால், மரங்களுக்கிடையில், திருவிழாக்களில் வெடிக்கும் சிறிய பீரங்கி ஒன்றை வைத்திருந்திருக்கிறார்கள். அதை வெடித்தார்கள்.

அடுத்து எனக்குத் தெரிந்தது புல்லின் மணம். நான் வாங்குக்குக் கீழே முகம் புதைத்துக் கிடந்தேன். இரண்டு கைகளும் தலைமேல். எழும்ப வேண்டும் என்று தெரிகிறது, உடம்பு கேட்கவில்லை. யாரோ சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. அப்போது பக்கத்தில் புல் சரசரத்தது. கேக் விற்ற அந்தப் பெண்மணி தன் கவுனோடு நிலத்தில் என் பக்கத்தில் படுத்திருந்தார். என் முதுகில் கையை வைத்து ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டு, “இஸ்ட் கூட், இஸ்ட் கூட்” என்றார். எல்லாம் சரி, எல்லாம் சரி. பிறகு தன்னைக் காட்டி, சிறு பிள்ளையின் உயரத்தைக் கையால் காட்டி, வானத்தை நோக்கி விரலை நீட்டினார். அவருடைய ஜேர்மன் எனக்குப் புரியவில்லை. அந்த விரல் புரிந்தது. இந்த ஊரிலும் ஒரு காலத்தில் குண்டு விழுந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நிலம் அதிர்கிற மாதிரி ஓடி வரும் காலடி. தலைக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, குகன் முழங்காலில் விழுந்தார்.

“வதனி, ஒண்டுமில்லை. அது வெறும் வெடி. என்னைப் பாரும். நான் இஞ்ச இருக்கிறன், என்னைப் பாரும்.”

நான் பார்த்தேன். அவருடைய முகம் முழுக்கப் புழுதியும் வியர்வையும். அவருடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். எங்கள் திருமணத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்க நான் அவரைத் தொட்டது அன்றுதான்.

மைதானத்தில் நடந்தது எனக்குத் தெரியவில்லை. பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டச்டவுனுக்குப் பிறகு எங்களுக்குப் பதின்மூன்று, அவர்களுக்குப் பன்னிரண்டு. அதற்கு மேலதிகமாக அவர்களுக்கு ஒரு முயற்சி உண்டு. இன்னொரு தடவை எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோனால் இரண்டு புள்ளி. அவர்கள் முயன்றார்கள். எறிந்த பந்து கைநழுவி நிலத்தில் விழுந்தது. எங்கள் ஆட்கள் துள்ளிக் குதித்தார்கள். ஆனால் குற்றம் கண்டால் நடுவர் எறியும் மஞ்சள் துணி புல்லில் கிடந்தது. வெளியே நிற்க வேண்டிய எங்கள் அறுபத்தாறாம் எண் ஆட்டக்காரர் அந்த நேரத்தில் மைதானத்துக்குக் குறுக்கே ஓடியிருக்கிறார். சுற்றி வர அவருக்குத் தோன்றவில்லை. அது குற்றம். முயற்சி மறுபடியும், இன்னும் கிட்டத்திலிருந்து. இந்தத் தடவை பந்து விழவில்லை. பதின்மூன்றுக்குப் பதினான்கு. அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

அன்று மாலை எங்களுக்குத் தங்க அவர்களுடைய உடற்பயிற்சி மண்டபத்தைத் தந்திருந்தார்கள். ஒருவரும் குகனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒருவரும் அவரோடு பேசவும் இல்லை. யென்ஸ் தன் பையை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்விட்டான். குகன் மெத்தையில் இருந்தபடி, சப்பாத்தைக் கழற்றாமல் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னாலதானே” என்றேன்.

“இல்லை. நான்தானே ஓடினது.”

“ஏன் ஓடினீங்கள்? அங்க ஆக்கள் இருந்தவைதானே.”

“தெரியேல்லை. உம்மை வாங்கில காணேல்லை” என்றார்.

ஞாயிறு காலை ஒன்பது மணி ரயில். சீட்டு ஐந்து பேருக்கு ஒன்று என்பதால் பிரிந்து இருக்க முடியாது. யென்ஸ் எங்களுக்கு எதிரே இருந்தான். மக்டெபுர்க் வரை பேச்சே இல்லை. அங்கே மாறி ஏறி, வண்டி புறப்பட்ட பிறகு, யென்ஸ் குகனிடம் ஜேர்மனில் ஏதோ கேட்டான். குகன் தலையை ஆட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சத்தம் உமக்கு என்னவாய்க் கேட்டது எண்டு கேக்கிறான். எனக்குத் தெரியாது எண்டு சொன்னனான்.” கையிலிருந்த சீட்டை மடித்தார். “நான் உம்மட்ட ஒண்டும் கேக்கேல்லைத்தானே. வந்த நாளில இருந்து.”

“நீங்கள் கேட்டா நான் அழுவன் எண்டு நினைச்சனீங்களோ?”

“ஓம். எனக்கு அப்ப என்ன செய்யிறது எண்டு தெரியாது.”

“இப்ப கேளுங்கோ.”

அவர் கேட்டார். நான் சொன்னேன். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளிக்கிட்டது, ஊரே ஒரு தெருவில் நடந்தது, என் சிநேகிதி சுகந்தியும் நானும் ஒரு சைக்கிளை ஆள் மாறி ஆள் உருட்டிக்கொண்டு போனது. ஷெல் குண்டு கூவிக்கொண்டு வந்தபோது இரண்டு பேரும் கைகோத்தபடி வாய்க்காலுக்குள் படுத்தது. சத்தம் நின்ற பிறகு நான் எழும்பி அவள் கையை இழுத்தது. அவள் எழும்பாதது. அந்தக் கையை விட்டுவிட்டு நடக்கச் சொல்லி மற்றவர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனது.

நான் ஒரு வசனம் சொல்ல, குகன் அதை ஜேர்மனில் சொன்னார். சைக்கிள் வரை சரியாக வந்தது. வாய்க்கால் என்ற இடத்தில் நின்றுவிட்டார். சொல் வரவில்லை என்று முதலில் நினைத்தேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்று ஜேர்மன்காரப் பையன்களும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். பிறகு மீதியைச் சொல்லி முடித்தார். சொல்லி முடிக்கும்போது என் கையைப் பிடித்திருந்தார். பிடித்ததே அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

யென்ஸ் சொன்னதைக் குகன் எனக்குத் தமிழில் சொன்னார்.

“அந்த ஒரு புள்ளியை நினைக்க அவனுக்கு இன்னும் கோபமாம். கொஞ்ச நாளைக்கு இருக்குமாம். ஆனால் என்னில இல்லையாம், உம்மில இல்லவே இல்லையாம்.”

யென்ஸ் தன் பையிலிருந்து பாணையும் சீஸையும் எடுத்து வெட்டி, முதல் துண்டை என்னிடம் நீட்டினான். “சுகந்தி” என்றான். ஒரு தடவைதான் கேட்டிருந்தான், ஆனால் பிழையில்லாமல் சொன்னான். மூன்று வருடமாக அந்தப் பெயரை நானே வாய்விட்டுச் சொன்னதில்லை.

கடைசி ஆட்டம் இரண்டு கிழமை கழித்து ஹம்பேர்க்கில். எங்கள் மைதானத்தில் பீரங்கி கிடையாது, ஆனால் நாலு மாணவர்கள் பெரிய முரசு ஒன்றைக் கொண்டுவந்து புள்ளி எடுக்கும்போதெல்லாம் அடிப்பார்கள். அன்றும் முரசு இருந்தது, அடிப்பவர்களும் இருந்தார்கள். இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் ஒரு டச்டவுன் எடுத்தார்கள். சத்தமே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். முரசுக்காரர்கள் தடியைக் கீழே வைத்திருந்தார்கள். யென்ஸ் அவர்களிடம் முன்பே சொல்லியிருக்கிறான். மைதான ஓரத்தில் நின்ற அத்தனை பேரும், தலைக்கவசங்களோடு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. வாங்கில் ஏறி நின்று, “அடியுங்கோடா!” என்று கத்தினேன். தமிழில்தான். குகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முரசுக்காரர்களுக்குக் கையைக் காட்டினார். அவர்கள் அடித்தார்கள். நெஞ்சு அதிர்ந்தது. நான் வாங்கிலேயே நின்றேன்.

அந்த ஆட்டத்திலும் தோற்றோம். ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. குகன் இலையுதிர்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகு ஆடவில்லை.

இனிப் போகிறவர்களுக்கு. அந்த வார இறுதிச் சீட்டு இப்போது இல்லை, ஆனால் இப்போதைய மாதச் சீட்டில் உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் போகலாம். பாதை பல விதமாக உண்டு. மாற்றம் குறைவானதைவிட, மாறுவதற்கு அரை மணி நேரமாவது தருகிற பாதையைத் தேர்ந்தெடுங்கள். பாண், தண்ணீர், குளிர்சட்டை வேண்டும். லைப்சிக்கில் இறங்கியதும் உடனே வெளியே ஓடாமல் அந்தக் கூரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள். நகரின் நடுப்பகுதி நடந்தே பார்க்கக்கூடிய அளவு.

இன்னொன்று. உங்களோடு வருபவர் சண்டைக்குள் இருந்து வந்தவர் என்றால், போகிற இடத்தில் வாணவெடி, பீரங்கி ஏதும் உண்டா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அதைவிட முதலில், அவரிடமே கேளுங்கள். வீட்டில், தேநீர் குடிக்கும்போது கேளுங்கள். அவர் அழக்கூடும். அழுதால் பக்கத்தில் இருந்தால் போதும், வேறு ஒன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நாங்கள் அதைக் கண்டுபிடிக்க மக்டெபுர்க் வரை போக வேண்டியிருந்தது.